புளியந்தீவில் நடக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்புக்கு விடுமுறையில் போகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் பாசிக்குடாவில் ஓரிரு இரவு, மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஓர் அர்ச்சனை, மிச்ச நாட்களில் உறவினர் வீட்டுச் சாப்பாடு என்று முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். நகரின் நடுவிலுள்ள புளியந்தீவை வாகனக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. வாவி சூழ்ந்த அந்தச் சின்னத் தீவை ஒரு காலைப்பொழுதுக்குள் நடந்தே பார்த்துவிடலாம். அதற்கு ஊர் தெரிந்த ஒரு வழிகாட்டி வேண்டும். அந்த வழிகாட்டி உங்கள் உறவினராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

வழிகாட்டியைத் தேடுவது கடினமல்ல. தங்குமிடத்தில் கேட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ, வரலாற்றில் ஈடுபாடுள்ள ஓர் இளைஞரையோ காட்டுவார்கள். ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் எந்த ஆண்டு எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கூலியை முதல்நாளே பேசிவிடுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்கு மேல் தார் வீதியில் நிற்க முடியாது. மாரியில் போகிறவர்கள், அதாவது நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, நடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நடை வழக்கமாகக் காந்திப் பூங்காவில் தொடங்கும். பாலங்கள் வருவதற்கு முன்னர் தோணியில் வந்தவர்கள் கரையேறிய துறை அங்கேதான் இருந்தது. காந்தி சிலையும் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சிலையும் நகரில் உண்டு. 2012 ஏப்ரலில் ஒரே இரவில் இவை இரண்டோடு விபுலானந்த அடிகள், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளும் உடைக்கப்பட்டன. இதை வழிகாட்டி தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1814இல் கடல் கடந்து வந்த வில்லியம் ஓல்ட் என்ற இளம் பாதிரியார் தொடங்கியது. அவர் அடுத்த ஆண்டே இங்கு காய்ச்சலில் இறந்துபோனார். வந்து சில மாதங்களே இருந்த ஒருவரை இந்த ஊர் இருநூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது, அவர் யாரையும் குத்திப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

புனித மிக்கேல் கல்லூரி வாசலில் சற்று அதிகம் நில்லுங்கள். 1873இல் தொடங்கிய பள்ளி, கூடைப்பந்தாட்டத்துக்குப் பெயர்போனது. அங்கு பயிற்றுவித்த அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கமிருந்து நகருக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். கோட்டைக் கதையின் 1628, 1638 என்று ஆண்டுகளை மளமளவென்று அடுக்கிக்கொண்டு வருகிற வழிகாட்டி 1990 என்று வந்ததும் குரலைத் தாழ்த்துவார், அல்லது தண்ணீர் குடிப்பார். அப்போது துருவாதீர்கள். அந்த ஆண்டுகளில் ஊரில் இருந்தவர்களிடம், இல்லாத நாம், நடைக்குக் கொடுத்த கூலியை நம்பிக் கேள்வி கேட்பது முறையல்ல.

கோட்டைதான் நடையின் நடுப்பகுதி. போர்த்துக்கீசர் 1628இல் கட்டியது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1638 மே மாதம் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. ஆங்கிலேயர் 1795இல் வந்தார்கள். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி காக்க, மற்ற இரண்டு பக்கத்துக்கு அகழி வெட்டியிருக்கிறார்கள். மாவட்டச் செயலகம் நெடுங்காலம் இதற்குள்ளேயே இயங்கியதால், திராய்மடுவில் புதிய கட்டடத் தொகுதி எழுந்த பின்னரும் ஊரார் கோட்டையைக் கச்சேரி என்றே சொல்கிறார்கள். கொத்தளத்தில் ஏறி வாவியைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. கோட்டை வாசலில் என் மச்சான் நின்றிருந்தார்.

அக்காவின் கணவர். கையில் றப்பர் வளையம் போட்ட ஒரு பழைய கோப்பு. அதற்குள் மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடாவால் மூன்று இடங்களில் ஒட்டப்பட்ட எங்கள் வளவு உறுதி, மை மங்கிய நில அளவைப் படம், அப்பாவின் மரணச் சான்றிதழ், என்னுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி. "மச்சான், கோட்டை எங்கயும் ஓடாது, மறுகா பாக்கலாம். நொத்தாரிசு பத்து மணிக்குக் கோட்டுக்குப் போயிருவார்" என்றார். வழிகாட்டியான ஆசிரியர், பாவம், மச்சானுக்கும் படிப்பித்தவர். ஒன்றும் பேசாமல் ஒதுங்கி நின்றார். அதற்குப் பிறகு நான் புளியந்தீவைச் சுற்றியது மச்சானின் மோட்டார் சைக்கிளில்.

விசயம் இதுதான். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பது வழமை. அப்பாவும் அக்காவுக்கு என்றே வாயால் சொல்லிவிட்டு, எழுதாமல் போய்விட்டார். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருப்பதுபோல் நமக்கும் முன்னர் முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டம் இருந்தது. அது வழக்கொழிந்த பிறகு நாட்டின் பொதுச் சட்டமே நமக்கும். ஆங்கிலேயர் 1876இல் இயற்றிய திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுதாமல் இறந்தவரின் ஆதனத்தில் பாதி துணைவருக்கும் மீதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் போகிறது. ஆகவே நான் கேட்காமலே அக்கா வீட்டில் எனக்கொரு பிரிபடாத பங்கு. அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் உறுதியைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். என் கையொப்பம் இல்லாமல் உறுதி முடிக்க வழியில்லை.

கையொப்பம் வைக்க நான் மறுக்கவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதமாகவும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் ஏறி வேறு விதமாகவும் இருக்கிற என் பெயரைப் பார்த்த நொத்தாரிசு, இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி வேண்டும் என்றார். அதை முடிக்கச் சமாதான நீதவான் ஒருவரைத் தேடிப் போனால், அவர் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கேட்டார். கிராம உத்தியோகத்தர் என்னை வாழ்நாளில் கண்டிராத ஓர் இளம் பெண். அவர் நியாயமாகவே, "உங்களத் தெரிஞ்ச ஆள் ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க, ஐயா" என்றார். நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கையில், என்னைத் தெரியும் என்று சொல்லக்கூடிய இரண்டு பேரை மச்சான் வீடு வீடாகத் தேடினார். ஒருவர் கிடைத்தார், மற்றவர் கனடாவில். கடைசியில் வழிகாட்டி ஆசிரியரையே தொலைபேசியில் அழைத்தோம். பின்னர் ஓர் அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரதி கேட்டு நின்றபோது, உரியவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் இன்று பொதுமக்கள் தினம் இல்லை என்றார். அதை அவருடைய மேசைக்கு முன்னாலிருந்த வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்த எங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இத்தனைக்கும் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போனபோது இறால் குழம்பும் எருமைத் தயிரும் வைத்திருந்தார். கோட்டை எப்படி என்று மட்டும் கேட்டார். அம்மாவைக் கடைசிவரை பார்த்த மனிசி கேட்காமல் இருக்கும்போது அந்த மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றி முறையிட எனக்கு வாய் எழவில்லை. ஆகவே இங்கே முறையிடுகிறேன்.

காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்ற விதி 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதற்கும் முன்னர் ஒல்லாந்தர் தோம்பு என்ற பதிவேடுகளில் காணியையும் குடும்பத்தையும் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய உரோமன் டச்சுச் சட்டம் இன்னும் நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. குடியேற்றக் காலத்தைக் காண்பதற்குக் கோட்டைச் சுவரைத் தடவ வேண்டியதில்லை, ஓர் ஆதன உறுதியை முடித்துப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. எரிச்சலில் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே, ஊரில் உங்கள் பெயரில் பங்கு ஏதும் இருக்கிறதா என்று பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேளுங்கள். உறவினர் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தால், நீங்கள் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில், உங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அதை இலங்கையில் பதிவு செய்ய வேண்டும். ஊரில் வைத்தே முடிப்பதானால் வேலை நாட்களை அதற்கென ஒதுக்கிவிட்டு, பௌர்ணமி விடுமுறை குறுக்கிடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, நடையைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். சனிக்கிழமை அலுவலகங்கள் பூட்டு. எந்த மச்சானும் கோப்போடு வாசலில் நிற்க மாட்டார்.

நேரம் இருந்தால் தாண்டவன்வெளிப் பக்கமும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் அங்கு உண்டு. கொல்லு வேலையிலும் தச்சு வேலையிலும் கைதேர்ந்தவர்கள், தங்கள் கிரியோல் மொழியை இன்னும் பேசுகிற மூத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் டச்பார் பகுதியில் அவர்கள் பலரை இழந்தார்கள். கல்லடிப் பாலத்தடியில் இரவில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணி ஏற்பாடு செய்வது வேறு ஆட்களின் வேலை. அதை இந்த நடையோடு சேர்த்துப் பேரம் பேசாதீர்கள். நடையைப் பாதியில் விட்டுப் போக நேர்ந்தாலும் வழிகாட்டிக்குப் பேசிய முழுத் தொகையையும் கையில் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்வார், சட்டைப் பையில் வைத்துவிட்டு வாருங்கள்.