மே லீவுக்கு மசாய் மாராவா? கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யா, தான்சானியா போக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மாசம் போனா நல்லது?" என்பதுதான். எந்த மிருகத்தை எங்கே பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் இதைக் கேட்டால், யாரைக் கேட்டாலும் ஆகஸ்ட் என்பார்கள். அந்த ஆகஸ்டிலேயே தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டிக்குப் போனால் காய்ந்த புல்வெளியைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். முதலில் இடம், அப்புறம்தான் மாதம்.

நம் வீடுகளில் இடம்கூட இரண்டாவதுதான். பிள்ளைகளின் லீவுதான் முதலில் வரும். முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசி, மே என்று டிக்கெட் தேடுவார்கள். விலையும் குறைவாக இருக்கும், ஏனென்றால் அங்கே அது பெருமழைக் காலம். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில் கோடையா குளிரா என்பது பெரிய விஷயமில்லை. மழை உண்டா இல்லையா என்பதே கணக்கு. மார்ச் பாதிக்கு மேல் தொடங்கி மே வரை பெய்யும் நீண்ட மழையை மசிகா என்றும், நவம்பர், டிசம்பரில் வரும் குறு மழையை வுலி என்றும் சொல்கிறார்கள்.

மழையில் நனைவது ஒரு பிரச்சினையே இல்லை, வண்டிக்கு மேலே மூடி இருக்கிறது. பிரச்சினை மண். கென்யாவின் மசாய் மாராவில் பல பகுதிகளில் இருப்பது நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்த கரிசல். காய்ந்தால் கட்டாந்தரை, ஒரு மழை விழுந்தால் களிம்பு. டயரின் வரிப்பள்ளம் முழுக்க மண் அப்பிக்கொண்டால் லேண்ட் குரூசர்கூட நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். டிரைவர் இறங்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லும் கிளையும் போட்டுப் பார்ப்பார். அதற்கும் நகராவிட்டால் இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். காலை சஃபாரி அத்தோடு முடிந்தது. 2024 மே தொடக்கத்தில் டலேக் ஆறு கரையை மீறி மாராவின் கேம்ப்புகளுக்குள் புகுந்தது, பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். எல்லா வருடமும் அப்படி ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏப்ரலில் பல கேம்ப்புகள் தாங்களே மூடிவிடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்காக மழைக்காலம் என்றாலே போகக்கூடாது என்பதும் தவறுதான். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்பவர்கள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். மாராவை விட்டுவிட்டு தான்சானியாவில் செரெங்கெட்டியின் நடுவே இருக்கும் செரொனேராவும் கோரோங்கோரோவும் வைத்துக்கொள்ளுங்கள். செரொனேராவில் சிங்கமும் சிறுத்தையும் வருடம் முழுக்க உண்டு. கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இருக்கும் மிருகங்களில் பெரும்பாலானவை இடம் பெயர்வதில்லை. பறவை பார்க்கிறவர்களுக்கோ நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கொண்டாட்டம். ஐரோப்பாவிலிருந்து செங்கால் நாரையும் பனங்காடையும் வந்து இறங்கும் காலம் அது.

என்னைக் கேட்டால், நம் ஊர்க் குடும்பங்களுக்கு வாகானது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசியில் இடம் பெயரும் வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற மான் இனம்) மந்தைகள் இன்னும் மாராவிலும் வடக்கு செரெங்கெட்டியிலும்தான் இருக்கும். ஐரோப்பியர்களின் கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கூட்டமும் கொஞ்சம் வடிந்திருக்கும். யாரும் இதை யோசிப்பதே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்தது, மந்தைப் பெயர்ச்சியைத் தேதி குறித்த திருவிழா என்று நினைப்பது. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகளும் 2 லட்சம் வரிக்குதிரைகளும் வருடம் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே, நடுட்டு பக்கத்துக் குட்டைப்புல் வெளிகள். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண், புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான் என்பதால் ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன. மழை நின்றதும் அந்த வெளி காய்ந்துவிடும். பிறகு வடமேற்காக நகர்ந்து, ஜூனில் குருமேட்டி ஆற்றுப் பக்கம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வற்றாத மாரா ஆற்றின் இரு பக்கமும். நவம்பர் மழை தொடங்கியதும் மறுபடி தெற்கு.

டிவியில் ஆறு தாண்டும் காட்சியைப் பார்த்துவிட்டு அதுதான் எல்லாம் என்று கிளம்புகிறார்கள். பிப்ரவரி நடுட்டு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. எனக்கு ஒருபடி மேல். கன்று பிறந்த சில நிமிடங்களில் கால் நடுங்க எழுந்து நிற்கும், தாய் நக்கிக்கொண்டே இருக்கும், தூரத்தில் கழுதைப்புலி காத்திருக்கும். சிவிங்கிப்புலி துரத்துவதை மறைக்க அங்கே மரமில்லை, உயரப் புல்லும் இல்லை.

ஆறு தாண்டுவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சரி, ஆனால் இரண்டு ராத்திரி மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மந்தை கரைக்கு வரும், நிற்கும், புழுதி கிளம்பும். ஒரு வரிக்குதிரை விளிம்பு வரை இறங்கித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் திரும்பும். இப்படி மணிக்கணக்கில் நடக்கும். சில நாள் தாண்டாமலே போய்விடும். நேற்று இந்தப் பக்கம் வந்தவை இன்று அந்தப் பக்கமே போவதும் உண்டு. "கண்டிப்பா காட்டுறோம்" என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாமல் இருப்பது நல்லது. நாலு ராத்திரியாவது ஆற்றுக்குப் பக்கத்தில் தங்குங்கள். மாரா ஆறு கென்யாவில் மட்டும் ஓடவில்லை. தான்சானியா பக்கம் கோகடெண்டேயில் அதே காட்சி, வண்டி நெருக்கடி குறைவு. செலவுக் கணக்குக்கு இன்னொன்று: மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர்.

ஒரு பூங்காவுக்குச் சரியான மாதம் எல்லாவற்றுக்கும் சரி என்று நினைப்பதில்தான் பேக்கேஜ்கள் நம்மை ஏமாற்றுகின்றன. பிப்ரவரியில் நடுட்டுவோடு தான்சானியாவின் தரங்கிரே பூங்காவையும் சேர்த்து "யானைகளின் கோட்டை" என்று விற்பார்கள். தரங்கிரேயில் யானைகள் ஆற்றங்கரையில் கூடுவது ஜூலை முதல் அக்டோபர் வரை, வேறெங்கும் தண்ணீர் இல்லாதபோது. மழை பெய்தால் அவை பூங்காவுக்கு வெளியேகூடக் கலைந்து போய்விடும். கென்யாவின் அம்போசெலியில் கதை வேறு. கிளிமஞ்சாரோவிலிருந்து நிலத்தடியில் வரும் நீர் அங்கே சதுப்பாகத் தேங்குவதால் வறட்சியிலும் யானை உண்டு. தெற்குத் தான்சானியாவின் ருவாஹா, நியேரேரே பூங்காக்களுக்கு ஒரே மழைக்காலம், நவம்பரிலிருந்து ஏறக்குறைய மே வரை. அங்கே ஜூன்–அக்டோபர்தான். கொரில்லாவுக்கு உகாண்டாவோ ருவாண்டாவோ போகிறவர்கள் ஜூன்–ஆகஸ்ட் அல்லது டிசம்பர்–பிப்ரவரி. அனுமதிச் சீட்டுகள் அளவாகத்தான் கொடுப்பார்கள், அது கிடைத்த தேதிக்கு விமான டிக்கெட் போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

எந்த அட்டவணையும் சத்தியவாக்கு இல்லை. 2019 கடைசியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததால், குறு மழை பெருமழையாகி ஜனவரி வரை கொட்டியது. முன்பதிவு செய்யும்போது தேதி மாற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு ஜூலையில் இறங்குகிறவர்களும் உண்டு. மாரா கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே, கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம். விடியற்காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் உட்கார முடியாது.

கடைசியாக, சீசன் இல்லாத நேரத்துச் சலுகை விலையைப் பார்த்து அடுத்த வாரமே கிளம்ப நினைப்பவர்களுக்கு: கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இல்லாமல் வந்தால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள்.