ஒரு பிரவுசரில் மட்டும் தகராறு செய்யும் இணையத்தளம்: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

குரோமில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பயர்பாக்ஸில் அதே பக்கம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் உங்கள் வைஃபையும் அந்தத் தளத்தின் செர்வரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன, குரோமுக்குள் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அதற்காக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: குக்கீ (தளம் உங்களை நினைவில் வைக்கச் சேமிக்கும் சிறு தகவல்), கேஷ் (சேமித்து வைத்த பக்கப் பிரதிகள்), ஹிஸ்டரி எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், பாஸ்வேர்டை மறந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும், காரணம் எது என்பதும் தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

நம் மலேசியாவில் நான் முதலில் கேட்பது, பக்கம் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். அரசாங்கத் தளங்கள் பல மலாயில் இருப்பதால் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ பேர் குரோமின் மொழிபெயர்ப்பை வைத்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள், படிப்பதற்கு அது நல்ல வசதி. ஆனால் மொழிபெயர்க்கும்போது குரோம் பக்கத்திலுள்ள எழுத்துகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு துண்டுகளைச் செருகுகிறது. ரியாக்ட் போன்ற நிரல் கருவிகளில் கட்டிய தளங்கள், தாங்கள் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பி இயங்குபவை; அது அங்கே இல்லையென்றால் சில நேரம் பக்கம் அப்படியே நின்றுவிடும், அல்லது வெறும் வெள்ளையாகிவிடும். மாநிலம், பாலினம் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தளத்தை எழுதியவர் ஒவ்வொரு வரிக்கும் தனி மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தால் திரையில் தெரியும் சொல்லே செர்வருக்குப் போகும், மலாய்ச் சொல்லுக்காகக் காத்திருக்கும் செர்வர் தமிழ்ச் சொல்லைப் பார்த்துப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மொழிபெயர்ப்பை நிறுத்தி மூலப்பக்கத்துக்குத் திரும்புங்கள், அந்தத் தளத்தை ஒருபோதும் மொழிபெயர்க்காதே என்ற தேர்வும் குரோமின் மொழிபெயர்ப்புப் பெட்டியிலேயே இருக்கிறது. மலாய் சிரமம் என்றால் ஒரு டேப்பில் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டு, இன்னொரு டேப்பில் மலாய்ப் பக்கத்தில் நிரப்புங்கள்.

அது காரணமில்லையா? சரி, பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிப்ட், என். பயர்பாக்ஸில் என்னுக்குப் பதில் பி. அங்கே பழைய குக்கீ இருக்காது, நீங்களாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்த்த கூடுதல் கருவி) ஓடாது. அங்கே தளம் ஓடுகிறது என்றால் சந்தேகம் இரண்டே இரண்டின் மேல்தான். வழக்கமான விண்டோவுக்குத் திரும்பி எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் நிறுத்துங்கள், சரியானால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள், எதைப் போட்டதும் கெடுகிறதோ அதுதான் காரணம். விளம்பரத் தடுப்பான்களை முதலில் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி அந்த ஒரு தளத்தின் குக்கீயையும் தரவையும் மட்டும் நீக்கிவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் அழுத்திப் பக்கத்தைப் புதிதாக இறக்குங்கள்.

பணம் கட்டும் பக்கம் மட்டும் தனிக் கதை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் எஃப்பிஎக்ஸ் வழியாகக் கட்டும்போது கடையின் தளத்திலிருந்து வங்கியின் பக்கத்துக்குப் போய்த் திரும்ப வர வேண்டும், அந்தப் போக்குவரத்தைப் பாப்அப் தடையோ, பிரேவ் பிரவுசரின் ஷீல்ட்ஸ் தடுப்பானோ, பயர்பாக்ஸின் கடுமையான கண்காணிப்புத் தடுப்போ முறித்துவிடலாம். தடையை அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்துங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். பக்கம் பாதியில் நின்றுவிட்டால் அவசரப்பட்டு இன்னொரு பிரவுசரில் மறுபடி கட்டாதீர்கள்! முதலில் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த பிரவுசரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். எட்ஜ் 2020 ஜனவரியிலிருந்து குரோமின் அதே குரோமியம் அடித்தளத்தில்தான் ஓடுகிறது, பிரேவும் ஓபராவும் அதே அடித்தளம்தான், அதனால் குரோமில் உடைந்தது இவற்றிலும் உடையலாம். ஐபோனிலோ, நம் நாட்டில் குரோம் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் அடித்தளம்தான், ஆகவே ஐபோன் சஃபாரியில் உடைந்தது ஐபோன் குரோமிலும் உடைந்தால் அதில் ஆச்சரியமில்லை. பிரவுசரின் பதிப்பையும் பாருங்கள்: விண்டோஸ் 7 கணினியில் குரோம் 109க்கு மேல் ஏறாது, ஐபோன் 7 ஐஓஎஸ் 15ஓடு நின்றுவிட்டது, சஃபாரியும் அதனோடு நின்றுவிட்டது. புதிய தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டில் பழைய சஃபாரிக்குத் தெரியாத ஒரு குறி இருந்தால் போதும், அந்தக் கோப்பு முழுவதுமே ஓடாது, பட்டன்கள் செத்துக் கிடக்கும். இதற்கு அமைப்புகளில் மருந்து கிடையாது, வேறு கருவியில்தான் திறக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தபிறகும் ஓடவில்லை என்றால் கோளாறு தளத்தை எழுதியவர்களிடம் இருக்கலாம், அவர்களுக்குச் சொல்லுங்கள். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எஃப்12 அழுத்தி கன்சோல் என்ற பகுதியில் சிவப்பாக இருக்கும் வரிகளைப் படம் பிடியுங்கள். (அதில் பிளாக்ட் பை கிளையண்ட் என்று இருந்தால் அனுப்ப வேண்டாம், உங்கள் எக்ஸ்டென்ஷன் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பாருங்கள்.) பிரவுசரின் பெயர், பதிப்பு, எந்தப் பட்டனை அழுத்தியதும் நின்றது, வேறு எந்த பிரவுசரில் ஓடியது, இவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலு வரியில் எழுதுங்கள். படத்தை அனுப்புவதற்கு முன் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள்.