ஆர்ட்டீமியாவை உப்பு கூடிய நீருக்குப் பழக்கும் முறை

மீன்குஞ்சுகளுக்கு உணவாக வளர்க்கப்படும் உப்புநீர்ச் சிற்றுயிரியான ஆர்ட்டீமியா எவ்வளவு உப்பையும் தாங்கும் என்பது பாதி உண்மைதான். கடல்நீரைப்போல் சில மடங்கு உப்பேறிய நீரிலும் அது வாழும். ஆனால் திடீரென அதில் விட்டால் பெரும்பகுதி இறந்துபோகும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 10 லிட்டர் தொட்டியை 70 கிராமுக்கு ஏற்றும் முறையைப் பார்ப்போம்.

வெளியே உப்பு எவ்வளவு கூடினாலும் ஆர்ட்டீமியா தன் உடல்திரவத்தில் உப்பைக் குறைவாகவே வைத்துக்கொள்ளும். இழக்கும் நீரை ஈடுகட்ட உப்புநீரைக் குடித்து, மிகுதி உப்பை வெளியே தள்ளும். குஞ்சில் இந்த வேலையைக் கழுத்துறுப்பு செய்கிறது; வளர்ந்ததில் கால்களிலுள்ள செவுள் தகடுகள் செய்கின்றன. உப்பு கூடக்கூட அதைத் தள்ளும் புரதங்களும் கூட வேண்டும். அதற்கான அவகாசத்தைத் தருவதே நம் வேலை.

1. முட்டைகளை லிட்டருக்கு 25–35 கிராம் உப்பில், 28 டிகிரி செல்சியஸில், நல்ல வெளிச்சத்தில், ஏர் பம்ப் ஓடவிட்டுப் பொரிக்கவையுங்கள். நேராக 70 கிராமில் போட வேண்டாம். உள்ளிருக்கும் கரு கிளிசரால் சேர்த்து, நீரை இழுத்துத்தான் ஓட்டை உடைக்கிறது. உப்பு கூடினால் அதற்கு அதிக கிளிசரால் தேவை. பொரிப்பு தாமதமாகும், குறையும்.

2. தனி வாளியில் லிட்டருக்கு 135 கிராம் என்ற அளவில் அடர்கரைசல் தயாரியுங்கள். மீன்தொட்டிக்கான கடல் உப்புக் கலவையே நல்லது. வெறும் சோடியம் குளோரைடு பொரிக்கப் போதும். வளர்ப்பதற்குப் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் வேண்டும்.

3. பலருக்கும் சறுக்கும் இடம் இதுதான். உப்பை ஒருபோதும் தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள். கரையும்போது அடர்ந்த நீர் அடியில் தேங்கும். மேல்நீரை அளந்தால் உப்பு குறைவாகத் தெரியும், இன்னும் கொட்டத் தோன்றும். அடியில் உள்ளவை அதற்குள் செத்திருக்கும். மெல்லிய வலை வழியே அரை லிட்டர் நீரை எடுத்துவிட்டு, அரை லிட்டர் அடர்கரைசலைச் சொட்டுச் சொட்டாக, காற்றுக்குமிழ் எழும் இடத்தில் விடுங்கள். உப்பு 40 கிராமாகும்.

அடுத்த படிக்கு அதே அரை லிட்டர் போதாது. தொட்டி நீரின் அளவை ஏற்ற வேண்டிய கிராமால் பெருக்கி, அடர்கரைசலுக்கும் தொட்டிக்கும் உள்ள உப்பு வித்தியாசத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 40இலிருந்து 45க்கு 10 × 5 ÷ 95, அதாவது சுமார் 525 மில்லி. 65இலிருந்து 70க்குச் சுமார் 715 மில்லி. ஒரு நாளில் ஒரு படிக்கு மேல் வேண்டாம். ஓடு உரிக்கும் சமயத்தில் இவை மிகவும் பலவீனமானவை. மேலே உரிந்த ஓடுகள் நிறைய மிதந்தால் அன்று நிறுத்திவையுங்கள்.

4. உப்பை அளக்க, நீரில் ஒளி வளைவதை வைத்துக் கணிக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே என் தேர்வு. நீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழ் ஒட்டினாலே அளவு தவறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் மட்டும் போதாது. உப்பளவு துல்லியமாகத் தெரிந்த 35 கிராம் நிலைக்கரைசலிலும் சரிபாருங்கள்.

5. ஆவியாவது நீர் மட்டுமே. 10 லிட்டர் 9 ஆனால் 70 கிராம் 78ஐ நெருங்கும். தொட்டியில் கோடு போட்டு, குறைந்ததை நன்னீரால் தினமும் நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: உப்பு ஏறியதும் உடல் சிவந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைவதால் ஆர்ட்டீமியா ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. காற்றோட்டத்தை அதிகமாக்குங்கள். பெண் உயிரிகள் குஞ்சுகளை ஈனுவதை விட்டுக் கடின ஓட்டு முட்டைகள் இடத் தொடங்கினால், சூழல் நெருக்கடியாகிவிட்டது என்று பொருள். குஞ்சுகள் தொடர்ந்து வேண்டுமென்றால் உப்பைப் படிப்படியாக இறக்குங்கள்.