டெர்மினல் திரையைத் துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெர்மினல் எனப்படும் கட்டளை வரிச் சாளரத்தில் நாள் முழுவதும் வேலை செய்பவர்களின் விரல்கள், திரையில் சற்று நெரிசல் கூடியதும், திரையைத் துடைக்கும் கட்டளையான கிளியரைத் தாமாகவே தட்டச்சு செய்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பக்கம், மேலே உருட்டிப் பார்க்கக்கூடிய பழைய வரிகள், ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சேமித்து வைக்கும் கட்டளை வரலாறு, எழுத்துகளை எப்படிக் காட்டுவது என்பது போன்ற டெர்மினலின் உள்நிலை ஆகிய நான்கும் தனித்தனியானவை. எந்தக் கட்டளை இவற்றில் எதைத் தொடும், எதைத் தொடாது என்று அறியாமல் துடைப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, தேவையான வரிகளை இழப்பது. பெரிய நிரல் ஒன்றைக் கம்பைல் செய்யும்போது, அதாவது இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது, நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி முடிகின்றன. உண்மையான பிழை அவற்றில் எங்கோ முன்பக்கத்தில் இருக்க, கடைசியில் தெரிவதெல்லாம் அதன் விளைவாக எழுந்த பிழைகள் மட்டுமே. அந்த நேரத்தில் கிளியர் கொடுத்தால், இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் திரையோடு சேர்ந்து மேலே உருண்டுபோன வரிகளும் அழிந்துவிடும். திரும்பப் பெற வழியில்லை. இடைக்கோடும் எக்ஸ் என்ற எழுத்தும் சேர்த்துக் கிளியர் கட்டளையைக் கொடுத்தால் பழைய வரிகள் தப்பும். பாஷ் ஷெல்லில் கண்ட்ரோல் விசையுடன் எல் அழுத்துவது இன்னும் நல்லது. பாதி தட்டச்சு செய்த கட்டளைகூட அழியாமல் மேல் வரியில் அப்படியே நிற்கும். ஆயினும், நீண்ட வெளியீடு வரும் என்று முன்பே தெரிந்தால், டீ கட்டளை வழியாக அதை ஒரு கோப்பிலும் சேமிப்பதே முறை.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது: திரை வெறுமையானதும் எல்லாம் அழிந்துவிட்டதாக நம்புவது. கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டுப் பதறிப்போய்த் திரையைத் துடைப்பவர்கள் உண்டு. மேல்நோக்கு அம்புக்குறியை ஓரிரு முறை அழுத்தினால் அதே கடவுச்சொல் மீண்டும் வந்து நிற்கும், ஏனெனில் கிளியர் வரலாற்றைத் தொடுவதே இல்லை. பாஷில் ஹிஸ்டரி கட்டளையைக் கொடுத்து அந்த வரியின் எண்ணை அறிந்து, இடைக்கோடு டி என்ற விருப்பத்துடன் அந்த எண்ணைக் கொடுத்து நீக்கி, பிறகு இடைக்கோடு டபிள்யூ கொடுத்து வரலாற்றுக் கோப்பைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனை செய்தாலும், அந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தபோது அதே கணினியின் பிற பயனர்கள் இயங்கும் செயல்களின் பட்டியலில் அதைப் பார்த்திருக்கக்கூடும் என்பதால், கடவுச்சொல்லை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் டிமக்ஸ் நிரலைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது பழைய வரிகளைத் தன்னிடமே வைத்திருப்பதால், வெளி டெர்மினலின் மெனுவிலிருந்து துடைப்பது போதாது, டிமக்ஸின் கிளியர்-ஹிஸ்டரி கட்டளை தேவை.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, ஓரிடத்துப் பழக்கத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவது. கணக்கீட்டு மென்பொருளான மேட்லாபில் கிளியர் என்று கொடுத்தால் திரை அப்படியே இருக்கும். பல மணி நேரம் கணக்கிட்டுச் சேர்த்த மாறிகள் அனைத்தும் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும். அங்கே திரைக்கான கட்டளை சிஎல்சி. அதை ஒத்த ஆக்டேவிலும் இதே நிலைதான். புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டாவில் கிளியர் கொடுத்தால் நினைவகத்தில் ஏற்றிய தரவு போய்விடும். இத்தகைய கருவிகளுக்கு மாறும்போது, திரையைத் துடைக்கும் கட்டளை எது என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் சிஎல்எஸ், லினக்ஸில் கிளியர் என்ற வேறுபாடு தவறினால் பிழைச் செய்தியோடு போய்விடும். பவர்ஷெல் இரண்டையும் ஏற்கும்.

உரையாக இல்லாத பைனரி கோப்பை, கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கேட் கட்டளையால் திறந்துவிட்டால், அதில் உள்ள கட்டுப்பாட்டுக் குறிகளை டெர்மினல் உத்தரவுகளாக எடுத்துக்கொள்ள, எழுத்துகள் கோடுகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிடும். இது உள்நிலை கெட்டதன் அடையாளம். ஆகவே கிளியரைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பயனில்லை. டெர்மினலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்வது திரையில் தெரியாவிட்டாலும் தயங்காமல் முழுச் சொல்லையும் அடிக்கலாம். என்டர் விசை வேலை செய்யாவிட்டால் கண்ட்ரோலுடன் ஜே அழுத்தலாம். திரை உறைந்ததுபோல் தோன்றினால், வெளியீட்டை நிறுத்திவைக்கும் கண்ட்ரோல்-எஸ் விசையைத் தவறுதலாக அழுத்தியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்து, முதலில் அதைத் தொடரவைக்கும் கண்ட்ரோல்-கியூ அழுத்திப் பார்ப்பது நல்லது.

கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பான ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே கிளியர் எழுதும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அதை இயக்குபவர் சற்றுமுன் படித்துக்கொண்டிருந்ததை அழிக்கும் உரிமை ஸ்கிரிப்டுக்கு இல்லை. அதே ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரான் வழியாக ஓடும்போது, டெர்மினல் வகையைக் குறிக்கும் டெர்ம் என்ற சூழல் மாறி அமைக்கப்படவில்லை என்ற பிழை எழலாம். அது அமைந்திருந்தால் லாக் கோப்பில் பொருளற்ற குறிகள் கலக்கும். துடைத்தே ஆகவேண்டுமெனில், வெளியீடு உண்மையில் டெர்மினலுக்குத்தான் செல்கிறதா என்று சோதித்த பிறகே துடைக்க வேண்டும். ஒரே கட்டளையின் முடிவைத் தொடர்ந்து பார்ப்பதற்காகக் கிளியரைச் சுழற்சியில் வைத்தால் திரை மினுமினுக்கும். அதற்கென்றே வாட்ச் கட்டளை இருக்கிறது.

எஸ்எஸ்எச் வழியே வேறொரு கணினிக்குள் நுழைந்த பிறகு கிளியர் மறுத்து, டெர்மினல் வகை தெரியவில்லை என்று சொன்னால், நிரலை மறுநிறுவல் செய்ய வேண்டியதில்லை. கிட்டி போன்ற புதிய டெர்மினல்களின் விவரம் அந்தக் கணினியில் டெர்மினல்களின் திறன்களைப் பதிந்து வைக்கும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் இல்லை என்பதே காரணம். அந்த அமர்வுக்கு மட்டும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று அமைத்தால் பொதுவாகப் போதும்.