வேலைக்குப் போய்க்கொண்டே ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பகுதிக்குத் தயாராவது

சிங்கப்பூரில் சில வருடங்கள் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் கேட்பதும் பேசுவதும் பெரிய சிரமமாக இருப்பதில்லை. நாள் முழுக்க நாலு நாட்டுக்காரர்களோடு ஆங்கிலத்தில்தானே பேச்சு. எழுத்தில்தான் அரை பேண்ட், ஒரு பேண்ட் (அந்தத் தேர்வின் மதிப்பெண் அளவு) என்று கைநழுவிப் போகிறது. ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் ஆங்கிலக் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்து, தெரிந்த தம்பி தங்கைகள் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்திக் கொடுப்பேன். அதில் பார்த்ததைத்தான் சொல்கிறேன். நம்மவர்கள் நிறைய எழுதுகிறார்கள். எழுதியதைத் திரும்பப் படிப்பதுதான் இல்லை.

முதலில், ஜெனரல் டிரெயினிங், அகடமிக் என்ற இரண்டு வகையில் உங்களுக்கு எந்தத் தேர்வு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறை வழியாக நிரந்தரவாசம் கேட்பவர்கள் எழுத வேண்டியது ஜெனரல் டிரெயினிங். அதில் முதல் பணி ஒரு கடிதம். இங்கிலாந்து போக நினைக்கும் தாதியர் எழுதுவது அகடமிக். அதில் முதல் பணி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது. அங்குள்ள தாதியர் மன்றம் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 கேட்கிறது. கனடாவின் திறன் தொழிலாளர் திட்டத்துக்கு ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 6 வேண்டும். எழுத்தில் 7 எடுத்தால் குடியேற்ற விண்ணப்பத்துக்கான புள்ளிகள் நன்றாகக் கூடும். உங்களுக்கு வேண்டிய எண் எது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 6 தேவைப்படுபவரும் 7 தேவைப்படுபவரும் ஒரே மாதிரி தயாராக முடியாது.

எழுத்துக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் பணியில் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதில் 250. இரண்டாவது பணிக்கு முதல் பணியைப் போல் இரண்டு மடங்கு எடை. அதனால் முதல் பணிக்கு 20 நிமிடம், கட்டுரைக்கு 40 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அழகு பார்த்துப் பார்த்து எழுதி நேரத்தை விடுகிற பழக்கம் இருந்தால், கட்டுரையை முதலில் எழுதுங்கள். எந்த வரிசையில் எழுதினாலும் மதிப்பெண் ஒன்றுதான்.

மதிப்பெண்ணை நான்கு விஷயங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்துகள் கோர்வையாக இருக்கின்றனவா, சொல்வளம், இலக்கணம். நம் ஆட்கள் கடைசி இரண்டிலேயே மூழ்கிவிடுகிறார்கள். பெரிய பெரிய வார்த்தைகளாக மனப்பாடம் செய்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்வதற்கே கால்வாசி மதிப்பெண் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடிதத்தில் இது பளிச்சென்று தெரியும். பயிற்சிக்காக நான் கொடுக்கும் கேள்வி ஒன்று: உங்கள் புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது, நகர மன்றத்துக்கு எழுதுங்கள். என்ன பிரச்சினை, குடியிருப்பவர்களை அது எப்படிப் பாதிக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதி வந்தார். “ரெஸ்பெக்டட் சர்” என்று ஆரம்பம். பிறகு தன் பெயர், ஊர், எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார் என்று ஐந்து வரி. மின்தூக்கி நின்ற கதை பத்து வரி. மூன்றாவது கேள்விக்கு “கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்” (ஆவன செய்யுங்கள்) என்று ஒரே வரி. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை அது. ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் என்ன செய்யச் சொல்கிறார் என்று படிப்பவருக்குத் தெரியாது.

திரும்ப எழுதும்போது “டியர் சர் ஆர் மேடம்” என்று தொடங்கினார். எதற்காக எழுதுகிறேன் என்று ஒரே வரி. பிறகு மூன்று கேள்விக்கும் மூன்று பத்தி. “மெனி பீப்பிள் ஆர் சஃபரிங்” என்றிருந்த இடத்தில், ஒன்பதாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக முடியாமல் போனதை எழுதினார். கடைசிப் பத்தியில் இரண்டு கோரிக்கை வைத்தார்: முழுப் பரிசோதனை செய்யுங்கள், பழுது நீங்கும்வரை தரைத்தளத்தில் அறிவிப்பு ஒட்டுங்கள். “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்று முடித்தார். இத்தனைக்கும் அவர் ஒரு புது வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. நண்பருக்கு எழுதும் கடிதம் என்றால் தொனி மாற வேண்டும். அங்கே பெயர் சொல்லி அழைத்து, சகஜமாக எழுதலாம்.

அகடமிக் எழுதுபவர்களுக்குச் சுருக்கமாக: வரைபடத்தில் இருக்கும் எல்லா எண்ணையும் ஒப்பிக்காதீர்கள். மொத்தத்தில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று இரண்டு வரியில் முதலிலேயே சொல்லிவிட்டு, முக்கியமான எண்களை மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஏன் ஏறியது என்று காரணம் சொல்லப் போகாதீர்கள், அதை யாரும் கேட்கவில்லை.

கட்டுரைக்கு வருவோம். பயிற்சி வகுப்புகளில் கிடைக்கும், அச்சில் வார்த்த மாதிரி வாக்கியங்களை நம்பாதீர்கள். முதல் பத்தி பளபளவென்று இருந்து இரண்டாவது பத்தி தடுமாறினால், முதலாவது மனப்பாடம் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். சொந்த மூளையில் வந்த எளிய வாக்கியமே மேல்.

இங்கே வாழ்பவருக்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. நெரிசலைக் குறைக்க வாகனம் ஓட்டுபவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. 1998-ல் அது இஆர்பி என்ற மின்னியல் முறையாக மாறியது. இதை எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது. கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுவதால், அவசரமில்லாதவர் பயணத்தைத் தள்ளிப் போடுகிறார், சாலை காலியாகிறது என்று காரணத்தைச் சொல்ல வேண்டும். சரி, சரக்கு வண்டி ஓட்டுபவர் தள்ளிப் போட முடியுமா? அந்த எதிர்வாதத்தையும் ஒரு வரி எழுதினால் பத்திக்கு எடை கூடும். இன்னொன்று, இஆர்பி, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்), எச்டிபி (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்ற சுருக்கங்கள் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புரியாது. எச்டிபி என்று எழுதாமல் “பப்ளிக் ஹவுசிங்” என்றே எழுதுங்கள்.

எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் யோசித்துக் குறிப்பு எடுங்கள். குறிப்பைத் தமிழில் எடுத்தாலும் தப்பில்லை, என்னைக் கேட்டால் அதுதான் வேகம். வாக்கியத்தை மட்டும் தமிழில் அமைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம். வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதினால் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுதுங்கள். முதல் தடவை கடிகாரம் வைத்து எழுதுங்கள். மறுநாள் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்க முடியாது. முதலில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019” என்று கட்டாயம் எங்காவது இருக்கும். “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்” என்று மாற்றுங்கள். அடுத்து பெயர்ச்சொற்களை மட்டும் பாருங்கள். தமிழில் இல்லாத ‘ஏ’, ‘தி’ இரண்டும் நமக்கு விட்டுப்போகும், பன்மை ‘எஸ்’ஸும் போகும். மூன்றாவதாக, முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி போட்டு நீட்டிய வாக்கியங்களைப் பாருங்கள். பிறகு “டிஸ்கஸ் அபவுட்” (‘டிஸ்கஸ்’ மட்டும் போதும்) மாதிரி வாட்ஸ்அப்பிலும் வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டவற்றைப் பாருங்கள்.

திருத்திய பிறகு முழுவதையும் மறுபடி எழுதுங்கள். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதோ அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் நாலைந்து பிழைதான் ஒருவருக்குச் சொந்தம். தேர்வில் கடைசி நான்கு நிமிடம் அந்தப் பிழைகளைத் தேட மட்டும்தான். கூட யாராவது படித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அறைத்தோழர் இரண்டு பேர் மாற்றி மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் பிழை நம் கண்ணுக்குச் சீக்கிரம் படும்.

ஷிஃப்ட் முடிந்து வந்து அறையில் உட்கார முடியாதவர்கள் அக்கம்பக்கத்துப் பொது நூலகத்துக்குப் போய்விடுங்கள். குளிர்சாதன அறை, மேசை, அமைதி எல்லாம் இலவசம்.

கணினியில் தேர்வு எழுதுவதானால் பயிற்சியையும் விசைப்பலகையில்தான் செய்ய வேண்டும். திரையில் சொல் எண்ணிக்கை காட்டும், எழுத்துப் பிழையை மட்டும் காட்டாது. அதனால் வீட்டிலும் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கனா என்பது உங்கள் விருப்பம், ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதுவதானால் 250 சொல் உங்கள் கையெழுத்தில் எத்தனை வரி வருகிறது என்று முன்பே எண்ணி வைத்துக்கொண்டால், தேர்வு அறையில் சொல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.