பேர் கெட்ட கிட்டார்கள், ஆம்ப்கள்: பார்த்து வாங்குவதும் சரிசெய்வதும்

ஒரு கிட்டாருக்கு ‘சுமார்’ என்று பேர் வந்தால், மரமோ ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்போ அதற்குக் காரணமாக இருப்பது குறைவு. கம்பெனி மனதில் வைத்திருந்த ஸ்ட்ரிங் ஒன்று, வாசிக்கிறவர் மாட்டியது இன்னொன்றாக இருக்கும். அல்லது ஒரு நாபுக்கு இருக்கும் இரண்டாவது வேலை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆம்ப் நிலைமை இன்னும் மோசம். வால்வு இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஓரங்கட்டிவிடுவார்கள். இப்படிப் பேர் கெட்டு விலை இறங்கிய சரக்கில்தான் கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும். குறை எங்கே இருக்கிறது, அதை எப்படி நேராக்குவது என்று தெரிந்தால் போதும்.

ஜாஸ்மாஸ்டர்

1958-ல் ஃபெண்டர் கம்பெனி இந்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஜாஸ் வாசிப்பவர்களுக்காகக் கொண்டுவந்தது. அவர்கள் சீந்தவில்லை, சர்ஃப் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1980-ல் உற்பத்தியே நின்றது. பழைய கிட்டார்கள் மலிவாகக் கிடைத்த அந்தக் காலத்தில் சோனிக் யூத் குழுவினரும் டைனோசர் ஜூனியரின் ஜே மாஸ்கிஸும் அவற்றை வாங்கி வாசித்த பிறகே மவுசு திரும்பியது. அசல் பழைய கிட்டார் இப்போது கைக்கு எட்டாத விலை. அதே வடிவம் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது.

இதன் மீது சொல்லப்படும் புகார் எப்போதும் ஒன்றுதான்: கொஞ்சம் அழுத்தி வாசித்தால் ஸ்ட்ரிங் தன்னைத் தாங்கும் சாடிலை விட்டு எகிறுகிறது, சாடில்கள் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜில் ஜிர்ரென்று ஓர் இரைச்சல். காரணம் எளிது. இந்த பிரிட்ஜ் வடிவமைக்கப்பட்ட காலத்தில் ஸ்ட்ரிங் தடிமனாக இருந்தது. ஸ்ட்ரிங்கை இழுத்துத் தளர்த்தி ஸ்வரத்தை அசைக்கும் ட்ரெமோலோவோ பிரிட்ஜிலிருந்து வெகுதூரம் பின்னால் இருக்கிறது. அதனால் ஸ்ட்ரிங் சாடிலைத் தாண்டி மிகக் குறைந்த சரிவில்தான் இறங்குகிறது. மெல்லிய 9 அல்லது 10 கேஜ் (தடிமன் எண்) மாட்டினால் சாடில் மீது விழும் அழுத்தம் போதாது.

முதல் வைத்தியம் 11 கேஜ் செட். இதிலேயே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நெக்கின் அடியில் ஷிம் என்ற மெல்லிய துண்டை வைக்க வேண்டும். பலர் பயப்படும் வேலை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்தால் செய்துவிடலாம்.

முதல் ஃப்ரெட்டில் காப்போ என்ற கவ்வியைப் போட்டு, ஸ்ட்ரிங்கை நன்றாகத் தளர்த்துங்கள். காப்போ இருந்தால் ஸ்ட்ரிங் ட்யூனரிலிருந்து அவிழ்ந்து வராது. நெக் பிளேட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் எடுத்து, நெக்கைத் தூக்குங்கள். நெக் உட்காரும் பள்ளமான பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கமாக இருக்கும் முனையில், ஸ்க்ரூத் துளைகளை மறைக்காமல், சுமார் 0.6 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டை வையுங்கள். இரண்டு விசிட்டிங் கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட இந்த அளவு வரும். இது நெக்கைச் சுமார் அரை டிகிரி பின்னால் சாய்க்கும். பழைய ஆக்‌ஷனுக்கு, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்துக்கு, திரும்ப பிரிட்ஜை 2 மி.மீ. போல உயர்த்த வேண்டியிருக்கும். அந்த உயரம்தான் நமக்கு வேண்டியது. பிரிட்ஜ் உயர்ந்தால் பின்னால் இறங்கும் சரிவு கூடும், சாடில் மீது அழுத்தமும் கூடும்.

ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் ‘டக்’கென்று விழுவது கையில் தெரியும். அதன் பிறகே முறுக்க வேண்டும். நேராக முறுக்கினால் புது மரை வெட்டி, மரம் பிடிப்பு விட்டுப்போகும். பாக்கெட்டின் தவறான முனையில், அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம், அட்டையை வைத்தால் எல்லாம் தலைகீழாகும்: பிரிட்ஜை இன்னும் இறக்க வேண்டிவரும், நோய் முற்றும். அரை டிகிரி போதவில்லை என்றால் அட்டையை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். பாக்கெட் முழுவதையும் நிரப்பும் ஆப்பு வடிவ மர ஷிம் ஒரு டிகிரி அளவில் கிடைக்கிறது; அதை வாங்குங்கள்.

அடுத்து, சாடில் உயர ஸ்க்ரூக்கள். வாசிக்க வாசிக்க அதிர்வில் தானாக இறங்கிவிடும். நேற்று வைத்த ஆக்‌ஷன் இன்று இருக்காது. உயரத்தைச் சரிபார்த்த பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது. அவசரத்துக்கு நிறமில்லாத நகப்பூச்சும் பிடிக்கும். பிரிட்ஜின் இரண்டு கால்களும் குழிக்குள் லேசாக ஆடுவதைப் பார்த்து, உடைந்துவிட்டது என்று ஒட்டிவிடாதீர்கள். ட்ரெமோலோவோடு சேர்ந்து அசைய வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ட்ரெமோலோ தொடாதவர் கால்களில் இன்சுலேஷன் டேப் சுற்றி நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய ஜாஸ்மாஸ்டரைப் பார்க்கப் போகும் இடத்தில் “சவுண்டே வரல, வயரிங் போச்சு” என்று விற்பவர் சொன்னால், மேல் கொம்பில் இருக்கும் சின்ன ஸ்லைடு ஸ்விட்சைப் பாருங்கள். அதை மேலே தள்ளினால் நெக் பிக்கப் மட்டும் தனி சர்க்யூட்டில் ஓடும். கீழே இருக்கும் நாப்களுக்கு அங்கே வேலையில்லை. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பாதி புதைந்திருக்கும் இரண்டு சக்கரங்கள்தான் அதன் வால்யூமும் டோனும். வால்யூம் சக்கரம் சைபரில் இருந்தால் கிட்டார் செத்ததுபோல் இருக்கும். கீழ் சர்க்யூட்டில் 1 மெக் ஓம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை) இருப்பதால் சத்தம் கூர்மையாக வரும். டோனை 10-ல் வைத்துவிட்டுக் காதைக் குத்துகிறது என்று புகார் சொல்பவர்கள் அதை 7-க்கு இறக்கிப் பார்க்கலாம்.

யமஹா பசிஃபிகா 112வி

‘ஸ்டார்ட்டர் கிட்டார்’ என்ற முத்திரை விழுந்துவிட்டதால் மேலே போனவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆல்டர் உடல், மேப்பிள் நெக், பிரிட்ஜ் பக்கம் இரண்டு காயில் கொண்ட ஒரு ஹம்பக்கர் பிக்கப், மற்ற இரண்டு பிக்கப்பும் சிங்கிள் காயில். டோன் நாபை மேலே இழுத்தால் ஹம்பக்கர் பிளந்து சிங்கிள் காயிலாகிவிடும். இந்த வசதி 112ஜேயிலும் 012-லும் இல்லை. பழையதாக வாங்கும்போது நாபை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதை எடுத்த உடன் ஒரு முழு செட்டப் செய்தால் இரண்டு மடங்கு விலைக் கிட்டார்களோடு தைரியமாக நிற்கும். வரிசை முக்கியம், ஏனென்றால் முதலில் செய்வது அடுத்ததை மாற்றிவிடும். புது ஸ்ட்ரிங் போட்டு ட்யூன் செய்த பிறகே எதையும் அளக்க வேண்டும். பழைய ஸ்ட்ரிங்கில் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்கிறதா என்று) பார்ப்பது நேர விரயம்.

முதலில் நெக் வளைவு. தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7, 8-வது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் பாருங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு உரசாமல் ஆடினால் வளைவு அதிகம். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியை வலப்பக்கமாகக் கால் சுற்று முறுக்கி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கிடையாது. இறுகி நின்றால் விட்டுவிட்டு கிட்டார் பழுது பார்க்கும் லூதியரிடம் போய்விடுங்கள். ராட் உடைந்தால் செலவு கிட்டார் விலையைத் தொடும்.

பிறகு 12-வது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன்: மெல்லிய ஈ 1.5 மி.மீ., தடித்த ஈ 2 மி.மீ. அதற்கப்புறம் இன்டோனேஷன். 12-ல் ஹார்மானிக்கையும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். கடைசியில் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளந்தால் ஹம்பக்கருக்கு 2 மி.மீ., சிங்கிள் காயிலுக்கு 2.5 மி.மீ. சிங்கிள் காயில் நெருங்கிவிட்டால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த ஈயில் ஒரே ஸ்வரம் இரண்டாகக் கேட்டு நடுங்கினால் இதுதான் காரணம்; இன்டோனேஷன் என்று நினைத்து சாடிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ட்ரெமோலோ பயன்படுத்தாதவர்கள் பின் மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவையும் பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும் வரை முறுக்கிவிடலாம். ட்யூனிங் கலைவது கணிசமாகக் குறையும். ட்யூன் செய்யும்போது ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட்டில் ‘டிங்’ என்று சத்தம் வந்தால் ஸ்ட்ரிங் பள்ளத்தில் சிக்குகிறது. 2பி பென்சிலால் பள்ளத்தில் நாலு தேய் தேயுங்கள்.

பீவி டி-60

இந்தக் கிட்டார் அமெரிக்காவில் மிசிசிப்பியின் மெரிடியனில் 1978 முதல் தயாரானது. கணினி இயக்கும் இயந்திரத்தில் உடலையும் நெக்கையும் கடைந்தார்கள், அன்று அது புதுமை. கனம் 4.5 கிலோ வரை போகும், முதுகு வலிக்காரர்கள் யோசிக்கவும். டோன் நாப் 10-ல் பிக்கப் சிங்கிள் காயிலாக இருக்கும். 7-க்கு இறக்கினால் முழு ஹம்பக்கர் ஆகிவிடும். அதற்குக் கீழே சாதாரண டோன். எல்லாவற்றையும் 10-ல் வைத்து வாசித்தவர்கள்தான் இதைக் கிறீச்சிடும் கிட்டார் என்றார்கள். ஒரு பிக்கப்பின் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச் இரண்டு பிக்கப்பும் சேர்ந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யும். ஒற்றை பிக்கப்பில் மாற்றம் கேட்கவில்லை என்றால் அது பழுது இல்லை. நம் நாட்டில் இது அபூர்வமாகவே கண்ணில் படும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்: பீவி பாண்டிட்

1981-லிருந்து பல அவதாரங்களில் வந்த 12 அங்குல ஒற்றை ஸ்பீக்கர் ஆம்ப். டிரம்ஸோடு நிற்கும் சத்தம், வால்வு மாற்றும் செலவு இல்லை, பெடல்களை நன்றாக ஏற்கும். இதை மட்டம் தட்டுபவர்களில் பலர் தரையில் வைத்துக் கணுக்காலுக்கு வாசித்தவர்கள். ட்ரெபிள் நேர்க்கோட்டில் பாயும், பேஸ் தரையில் பட்டு வீங்கும். நாற்காலி மேல் தூக்கி வைத்துவிட்டு எல்லா இ.க்யூ.வும் 5-ல் தொடங்குங்கள். பேஸை 4-க்கு இறக்கி, மிட்டை 6, 7-க்கு ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்க மிட் குறைந்தால் இனிமைதான், பேண்டோடு வாசித்தால் கிட்டார் காணாமல் போய்விடும்.

பழைய பாண்டிட்டில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று: வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் மெலிந்து, சில நேரம் நின்றே போய், ஆம்பைத் தட்டினால் திரும்பி வரும். பவர் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று விற்றுவிடுவார்கள். பெரும்பாலும் பின்னால், பெடல்களிலிருந்து சிக்னல் திரும்பி வரும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஜாக்தான் குற்றவாளி. அதில் கேபிள் சொருகாதபோது சிக்னலைக் கடத்திவிட உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அது களிம்பு பிடித்தால், கடலோர ஊர்களில் சீக்கிரம் பிடிக்கும், சிக்னல் அங்கேயே அறுந்துவிடும்.

சோதனைக்கு அரை நிமிடம்: அதன் ஜோடியான செண்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு குட்டி பேட்ச் கேபிளைச் சொருகுங்கள். சத்தம் முழுதாகத் திரும்பினால் ஜாக்தான். ஆம்பை அணைத்து, பிளக்கின் மேல் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை சொருகி எடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். எண்ணெய்ப் படலம் நின்று தூசியைச் சேர்க்கும். மறுபடி மறுபடி வந்தால் ஜாக்கையே மாற்றச் சொல்லுங்கள், மலிவான பாகம். பழைய ஆம்ப் பார்க்கப் போகும்போது பையில் ஒரு பேட்ச் கேபிள் இருந்தால் பேரம் பேசவும் உதவும்.

நாப் திருப்பும்போது கரகரப்பது பெரிய விஷயமில்லை, கிளீனர் போதும். கிட்டார் சொருகாமலே வால்யூமுக்குக் கட்டுப்படாத உறுமல் இருந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். ஸ்பீக்கர் கோனை இரண்டு பக்கமும் விரல் நுனிகளால் சமமாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் தடம் மாறியிருக்கிறது. ஒரு வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 காட்டும், அது சரியே.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியா என்று பின் தகட்டில் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230-ல் நேராகச் சொருகக் கூடாது. தகட்டில் உள்ள வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மூன்றாவது பின்னான எர்த் அதன் வழியாக ஆம்ப் வரை தொடர வேண்டும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் ஓட்டினால் ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கலாம். மூடியைத் திறப்பது தெரிந்தவர்கள் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

வீட்டுக்கு மட்டும் என்றால் ரோலண்ட் மைக்ரோ க்யூப் போதும். முதலில் வந்த மாடல் 2 வாட், 5 அங்குல ஸ்பீக்கர், ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். பழையதாக வாங்கினால் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்ப்ரிங்கில் பச்சைக் கறை இருக்கிறதா பாருங்கள். அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். பிளக் பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டரைச் சொருகாதீர்கள், அவற்றில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ்.