ஞாயிறு பூசையும் மட்ச்சும்: திருகோணமலைப் பெற்றோர் வழக்கமாக விடும் தவறுகள்

சனி இரவு எட்டரை மணிக்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "நாளை காலை 7.00 மணிக்கு எல்லாரும் ஏகாம்பரம் மைதானத்துக்கு வரவும்." அதற்குப் பிறகுதான் பல கத்தோலிக்க வீடுகளில் ஆலயத்து ஞாயிறு பூசையா மட்ச்சா என்ற வாக்குவாதம் தொடங்குகிறது. தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம், நடுவில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு பிள்ளை. இந்தச் சண்டையில் முக்கால்வாசி விசுவாசம் பற்றியதே இல்லை. நேர அட்டவணையை முன்கூட்டிப் பார்க்காததால் வருவது.

முதல் தவறு: சனி இரவு முடிவெடுப்பது

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கொட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் ஞாயிறன்று ஓட மறுத்த கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்காத பிள்ளை குறைவு. கதை சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதிதான் நமக்குத் தேவை. 100 மீற்றர் ஆரம்பச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் 400 மீற்றருக்கு மாறிப் பயிற்சி எடுக்க நேரம் கிடைத்தது. ஜூலை 11 அன்று 47.6 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அட்டவணையைக் கடைசி இரவில் பார்த்திருந்தால் அவரும் வெறுமனே வராமல் போன ஒருவராகத்தான் பதிவாகியிருப்பார்.

ஆகவே தவணை தொடங்கும் வாரத்திலேயே மூன்று தாள்களைக் கையில் எடுங்கள். ஒன்று, பாடசாலையின் கோட்ட, வலய, மாகாணமட்டப் போட்டித் திகதிகள். இரண்டு, கழகத்தின் லீக் அட்டவணை. மூன்று, பங்கின் (உங்கள் ஆலயச் சமூகத்தின்) நாட்காட்டி: திருவிழா, கொடியேற்றம், முதல் நன்மை (பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குவது), உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்), தவக்காலம், பரிசுத்த வாரம். மூன்றையும் ஒரே கலண்டரில் குறித்தால் மோதுகிற ஞாயிறுகள் கண்ணுக்குத் தெரியும். வருடம் முழுக்க மோதும் என்று பயந்தவர்களுக்கு அவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருப்பது தெரியவரும்.

நம்மூருக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரையான மழையில் மைதானம் குளமாகும், ஆட்டங்கள் பிற்போடப்படும். பிற்போட்ட ஆட்டங்களுக்கு எல்லாரும் ஓய்வாக இருக்கும் நாளைத்தான் தேடுவார்கள், அது பெரும்பாலும் ஞாயிறாக இருக்கும். அந்த மாதங்களில் அட்டவணையை நம்பாமல் ஒவ்வொரு புதன்கிழமையும் பொறுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்ட நேரத்தை மட்டும் பார்ப்பது

"மட்ச் எட்டரைக்குத்தானே, ஆறு மணிப் பூசை முடித்துப் போகலாம்" என்று கணக்குப் போடுவார்கள். எட்டரை என்பது விசில் ஊதும் நேரம். அணி வந்து சேரவேண்டியது ஏழரைக்கு: பெயர்ப் பதிவு, அடையாள அட்டை, வயதுச் சான்று, உடல் சூடேற்றும் பயிற்சி. ஆறு மணிப் பூசை திருவிழாக் காலத்தில் ஏழேகாலுக்கும் முடியலாம். பாலையூற்றிலிருந்தோ உவர்மலையிலிருந்தோ மைதானத்துக்கு வர எடுக்கும் நேரத்தையும் சேருங்கள். கோச்சிடம் கேட்கவேண்டிய கேள்வி "மட்ச் எத்தனை மணிக்கு?" என்பதல்ல; "எத்தனை மணிக்கு மைதானத்தில் நிற்கவேண்டும், வென்றால் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்பதுதான். விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளில் "ஒரு மட்ச்தான்" என்பது தோற்பவர்களுக்கு மட்டுமே உண்மை. வென்றால் பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று மாலையாகிவிடும். மாலைப் பூசைக்குப் போகலாம் என்று வைத்திருந்த திட்டமும் அதோடு போகும்.

வெறும் வயிற்றோடு அனுப்புவது

இது உடம்போடு விளையாடுகிற தவறு என்பதால் கொஞ்சம் விரிவாக. நற்கருணை (பூசையில் வழங்கப்படும் அப்பம்) வாங்குவதற்காக முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், பூசை முடிந்ததும் நேரே மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மம்மாவின் சொல். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் நள்ளிரவிலிருந்து உபவாசம் என்பது சட்டமாகவே இருந்தது. 1953இல் தண்ணீர் குடிக்க அனுமதி வந்தது. 1957இல் உபவாசம் மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் குறைந்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் 919இன்படி நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் போதும். தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும்.

ஆறு மணிப் பூசையில் நற்கருணை ஏறத்தாழ 6.40க்கு வரும். ஐந்தரைக்குள் இரண்டு துண்டுப் பாணும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் சட்டமும் நிறைவேறும், எட்டரை மணி ஆட்டத்துக்கு மூன்று மணித்தியால இடைவெளியும் கிடைக்கும். தண்ணீரை இடையிடையே குடிக்கலாம். பூசை முடிந்து வரும்போது இன்னொரு வாழைப்பழம் போதும். அந்த நேரத்தில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொடுத்தால் ஆட்டத்தின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஏப்ரல் தொடங்கி ஓகஸ்ட் வரையான நம்மூர் வெயிலில் ஒன்பது மணிக்கே தரை சுடும். தண்ணீர் இல்லாமல் வந்த பிள்ளை மயங்கி விழுந்தால், அதைப் பக்தி என்று யாரும் சொல்லப்போவதில்லை.

சனி மாலைப் பூசையை அரைப் பூசை என்று நினைப்பது

கத்தோலிக்கர்களுக்குச் சட்டம் 1248 தெளிவாகவே சொல்கிறது: ஞாயிறன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ, கத்தோலிக்க வழிபாட்டு முறையில் எங்கே நடக்கும் பூசையில் பங்கெடுத்தாலும் ஞாயிறு கடன், அதாவது ஞாயிறு பூசையில் பங்கெடுக்கவேண்டிய கடமை, நிறைவேறும். குறுக்கு வழி என்று கூச்சப்படத் தேவையில்லை. மொழியும் தடையில்லை. கொழும்பில் சிங்களப் பூசைக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் சனி காலைப் பூசை இதில் அடங்காது. கைபேசியில் பார்க்கும் பூசையும் அடங்காது. கொரோனாக் காலத்தில் ஆயர்கள் கடனிலிருந்தே விலக்குக் கொடுத்தார்கள், அதைத் திரைக்குக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டுமே முடியாத வார இறுதியும் வரும். மாகாணமட்டப் போட்டிக்கு சனி மதியம் பஸ் வெளிக்கிடும், ஞாயிறு இரவு திரும்பும். அப்போது சட்டம் 1245இன்படி பங்குத்தந்தை தகுந்த காரணத்துக்காக அந்த ஒரு சந்தர்ப்பத்துக்கு விலக்கு அளிக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக வேறொரு பக்தி முயற்சியைச் சொல்லலாம். கேட்கவேண்டியது போகமுன், திங்கட்கிழமை போய்ச் "பாதர், நேற்று வரமுடியவில்லை" என்பது அனுமதி கேட்பதாகாது. முழு சீசனுக்கும் சேர்த்து ஒரே அனுமதி கேட்பதும் முறையல்ல. மறையாசிரியரோ கோச்சோ தலையாட்டினால் அது விலக்கு ஆகாது. கடன் ஏழு வயது நிறைந்த பிள்ளைக்கும் உண்டு, மைதானத்து ஓரத்தில் குடை பிடித்து நிற்கும் பெற்றோருக்கும் உண்டு. இந்த இரண்டாவது ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிள்ளையைத் தூது அனுப்புவது

"நீயே போய் சேரிடம் சொல்லு" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும்: சொல்லாமல் விட்டுவிடுவான், அல்லது முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வான். பேசவேண்டியது பெற்றோர், அதுவும் அணித் தெரிவுக்கு முன்பு. இப்படிச் சொன்னால் போதும்: "சேர், மகன் ஞாயிறு ஆறு மணிப் பூசைக்குப் போவான். ஏழரைக்குப் பிறகு எந்த நேரமும் வருவான். வெளியூர்ப் போட்டி என்றால் நாங்கள் சனி பின்னேரம் பூசை பார்த்துவிட்டு அனுப்புவோம். காலைப் பயிற்சி ஒன்று தவறினால் புதன் பின்னேரம் கூட நின்று செய்வான்." எதைச் செய்யமுடியாது என்பதோடு எதைச் செய்யமுடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது கோச்சுக்குத் திட்டமிட இடம் கிடைக்கிறது.

கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மூர் மைதானத்தையே பாருங்கள். கிண்ணியா, மூதூர் அணிகளோடு ஆடும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் யாராவது ஆட்டம் வைக்கிறார்களா? முஸ்லிம் பெற்றோர் அதைத் தயங்காமல் சொல்கிறார்கள், மற்றவர்களும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். நாமும் சொன்னால்தான் ஒழுங்கு செய்பவருக்குத் தெரியும்.

வெளியூர்ப் பயணத்தில் விடும் சின்னச் சின்ன தவறுகள்

போகும் ஊரின் ஆலயத்துக்கு வியாழக்கிழமையே தொலைபேசி எடுத்துப் பூசை நேரத்தைக் கேளுங்கள். இணையத்தில் கிடக்கும் நேரம் பழையதாக இருக்கலாம். கொழும்பு சுகததாச அரங்கில் போட்டி என்றால் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் ஓட்டோவில் போகிற தூரம்தான். மட்டக்களப்பு என்றால் புளியந்தீவில் புனித மரியாள் பேராலயம். அணியோடு போகும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளைகள் பூசைக்குப் போவார்கள் என்ற பட்டியலையும், கூட்டிச் செல்லும் ஒரு பெற்றோரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். தனியாக ஒரு பிள்ளையை ஊர் தெரியாத இடத்தில் அனுப்பக்கூடாது.

பையை மறக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு ஆலய வாசலில் பைகளைச் சோதிப்பதும், பெரிய பைகளோடு உள்ளே விடாததும் வழக்கமாகிப்போனது. பெரிய நாட்களில் இன்னும் கடுமை. பூட்ஸ், கால்காப்பு, துவாய், போத்தல் என்று உப்பியிருக்கும் பையோடு போய் வாசலில் நின்று முதலாம் வாசகத்தைத் தவறவிடுவதைவிட, பையை வாகனத்திலோ அணியின் பஸ்ஸிலோ விட்டுவிட்டுப் போவது நல்லது. ஜேர்சியோடு பூசைக்குப் போகலாமா என்றால், மேலே ஒரு சேர்ட் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

மறைக்கல்வியைக் கணக்கில் எடுக்காதது

சனி மாலை பூசை பார்த்தாயிற்று என்று ஞாயிறு வகுப்பைத் தொடர்ந்து விட்டுவிடுவார்கள். உறுதிபூசுதல் வருடத்தில் வரவுப் பதிவேட்டை எடுக்கும்போதுதான் பிரச்சினை தெரியும். முதல் நன்மை, உறுதிபூசுதல் வருடங்களில் விளையாட்டு விட்டுக்கொடுக்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். மற்ற வருடங்களில் தவறிய பாடத்தை மறையாசிரியரிடம் கேட்டு அந்த வாரத்துக்குள் வீட்டில் படித்து முடிக்கலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பிள்ளைகளின் ஞாயிறை அதிகம் தின்பது கால்பந்து அல்ல, ரியூசன். கணித வகுப்புக்காக வருடக்கணக்கில் மறைக்கல்வியை விட்ட வீட்டில், அணிக்குத் தெரிவானதும் ஓய்வுநாளைப் புனிதமாக அனுசரிக்கச் சொல்லும் மூன்றாம் கட்டளை திடீரென்று ஞாபகம் வந்தால் பிள்ளை சிரிக்கத்தான் செய்வான்.

"பூசைக்குப் போகாததாலதான் தோத்தது"

இதைச் சொல்லாதீர்கள். பூசைக்குப் போன எதிரணிப் பிள்ளையும் தோற்கிறான். கடவுளைக் கோல் கணக்கோடு கட்டிவிட்டால், பூசைக்குப் போய்த் தோற்கிற அன்று பிள்ளைக்கு விசுவாசமும் சேர்ந்து தோற்றுப்போகும். அடிக்கடி சண்டை பிடிக்கிற பிள்ளையிடம் "இந்தக் கிழமை மட்ச் இல்லை, பூசைக்குப் போ" என்று தண்டனையாக்குவதும் இதே வகைதான்.

மற்றச் சபையினருக்கு

மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்களுக்குச் சனி மாலைக் கடன் என்ற ஏற்பாடு இல்லை. போதகரோடு பேசித்தான் ஒழுங்கு செய்யவேண்டும். பெந்தெகொஸ்தே ஆராதனை இரண்டு மூன்று மணித்தியாலம் போகலாம் என்பதால் காலை ஆட்டத்தோடு சேர்த்துத் திட்டமிடவே முடியாது. பின்னேர ஆட்டங்களை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் பிள்ளைக்கு ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறையும் வரை. அவனுக்கு ஞாயிறு மட்ச் வசதி, சனிதான் சிக்கல்.

பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. இளையோர் ஒன்றியத்தின் சொந்தச் சுற்றுப்போட்டியை ஞாயிறு காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டு, பூசையில் வாலிபரைக் காணோம் என்று பிரசங்கத்தில் குறைப்படுவது நியாயமில்லை. அதைப் பத்தரைக்குத் தள்ளலாம். பின்னேரம் நாலு மணிக்கு வைத்தால் வெயிலும் தணிந்திருக்கும்.